ஊருக்குப் போனதும் லீவுக்குப் போனதும்

பேத்தியின் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. மகள் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் குனிந்து மறைந்துகொண்டாள். மாப்பிள்ளை கேமராவுக்கு மேலே சாவிக்கொத்தை ஆட்டினார். "பாப்பா, அப்பாவைப் பார்" என்று நான் சொல்லப்போக, அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டாள், படம் கெட்டது. ஐந்தாம் முறைதான் இரண்டு கண்ணும் நேராக நின்றன. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டணம் 100 வெள்ளி. அன்றைக்கே கையில் கொடுத்தார்கள். சிவப்பு அட்டைக்குள் திகைத்த முகத்தோடு பாப்பா. மூன்று வயதுக்காரிக்குத் தனிப் பாஸ்போர்ட், தனி விசா, தனி டிக்கெட், விமானத்தில் தனி இருக்கை.

1964-இல் என் பெயர் அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரு வரியாக இருந்தது. தம்பியின் பெயர் அதற்குக் கீழே இன்னொரு வரி. சின்னப் பிள்ளைகளைத் தாயின் பாஸ்போர்ட்டிலேயே எழுதிவிடுவது அந்தக் கால வழக்கம். எனக்கு ஐந்து வயது, தம்பிக்கு ஒன்று. புக்கிட் பெலிம்பிங் தோட்டத்து லயத்திலிருந்து எங்கள் குடும்பம் பிள்ளைகளோடு கடல் தாண்டிய முதல் பயணம் அது. பிள்ளையோடு அடுத்த பயணம் 61 ஆண்டு கழித்து வந்தது. 2025 மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறையில், மகளும் மாப்பிள்ளையும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது என்னையும் அழைத்தார்கள். "அம்மா, நீங்களும் வாங்க. பாப்பாவுக்கு இது முதல் ஹாலிடே" என்றாள் மகள். பாப்பாவுக்கு மட்டுமா? ஹாலிடே என்று பெயர் சொல்லி நான் மலேசியாவை விட்டு வெளியே போனதும் அதுதான் முதல்தடவை.

அந்தச் சொல் எங்கள் லயத்தில் புழங்கியதில்லை. "லீவு" புழங்கியது, ஆனால் அது துரையுடையது. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமாருக்கு நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாதக்கணக்கில் சீமை லீவு உண்டு. கப்பல் செலவு கம்பெனியுடையது, குடும்பமும் கூடப் போகும். "துரை லீவுல போயிட்டாரு" என்றால் பங்களாவின் சன்னல்கள் அடைத்திருக்கும், கிராணி கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார். இந்த வட்டாரத்துத் துரைமாரில் உலகம் அறிந்தவர் ஒருவர் இருந்தார், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கியவர் அவர்தான். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். காதில் விழும்போதே தமிழ்தான். இங்கே வாழ்ந்த வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. நான் பள்ளியில் பாடம் நடத்திய ஆண்டுகளில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன். நம் தாத்தா பாட்டி நின்று வேலை செய்த மண்ணைப் பற்றிப் பாரிசில் படித்திருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு நம்பிக்கை வராது.

எங்களைப் போல் கித்தா என்ற ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு நாள்கூலி. பெரட்டு என்ற காலைப் பேரழைப்புக்கு நிற்காத நாளில் பேர் விழாது. மழை பெய்தாலே கூலி போனது என்று அம்மா வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். எங்களுக்கு வருடத்தில் ஒருநாள் தோட்டத்து லாரியில் பத்துமலை, எப்போதாவது ஜெராம் பக்கம் ரெமிஸ் கடற்கரை, அவ்வளவுதான் சுற்றுலா. கம்போங் குவாந்தானில் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிவதைப் பார்க்க இப்போது எத்தனையோ நாட்டிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. பக்கத்தில் வளர்ந்த நான் அதைப் படகில் போய்ப் பார்த்தது கல்யாணமான பிறகு.

ஆகவே 1964-இல் நாங்கள் லீவுக்குப் போகவில்லை, ஊருக்குப் போனோம். ஊர் என்றால் அப்பா பிறந்த நாகப்பட்டினத்துப் பக்கத்துக் கிராமம். அங்கே தாத்தா படுக்கையில் இருந்தார். தம்பிக்குக் குலதெய்வத்துக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்று நேர்ந்திருந்தார்கள். அப்பாவுக்குச் சேர வேண்டிய ஒரு துண்டு நிலத்தில் பேச்சு முடியாமல் கிடந்தது. ஆனால் அப்பா வரவில்லை. இரண்டு பேரும் போய்விட்டால் இரண்டு கூலியும் போகும். மூன்று மாதம் ஆளில்லாவிட்டால் பால் வெட்டும் நிரையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், லயத்து வீட்டைப் பற்றியும் பேச்சு வரும். அதனால் அப்பாவுக்குப் பதிலாக நாங்கள் போனோம். அம்மாவும், துணைக்கு ஒரு மாமாவும், இரண்டு பிள்ளைகளும். இப்போது நினைத்தால், தம்பியும் நானும் தாத்தாவிடம் காட்டுவதற்காக அப்பா அனுப்பிய இரண்டு பொருள்கள். "இந்தா, உன் மகன் அங்கே உயிரோடுதான் இருக்கிறான், பிள்ளை குட்டியோடு இருக்கிறான்" என்பதற்கு நாங்களே சாட்சி.

பணம் அம்மா கட்டிய கூட்டில் வந்தது. மாதாமாதம் பத்துப் பெண்கள் சேர்ந்து கட்டும் கூட்டில் கடைசிவரை எடுக்காமல் வைத்திருந்து எடுத்தார். பிறகு ஊசி. அம்மைக்கும் காலராவுக்கும் குத்திக்கொண்டு சான்று வாங்காமல் கப்பலில் ஏற முடியாது. என் இடது தோளில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இன்னும் இருக்கிறது. பாப்பா அதை விரலால் அழுத்திப் பார்த்து "பாட்டி, இது என்ன பட்டன்?" என்று கேட்பாள். அவளுக்கு அந்த ஊசி இல்லை. 1980-இல் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். உலகத்திலிருந்து ஒரு நோய் போனதை என் தோளும் அவள் தோளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது பார்க்கிறேன். எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துவிடும்.

தகரப் பெட்டியில் எங்கள் துணி அடியில் கொஞ்சம்தான். மேலே எல்லாம் ஊராருக்கு. கம்பளி, டார்ச்லைட், குடை, சோப்புக்கட்டிகள், கோடாலித் தைலம் ஒரு டஜன், அத்தைமாருக்கு நைலக்ஸ் சேலை. வெறுங்கையோடு ஊரில் இறங்க முடியாது. மலாயாவிலிருந்து வருகிறவர் கையில் மலாயா இருக்க வேண்டும். புறப்பட்ட அன்று லயமே தோட்டத்து லாரியில் ஏறி போர்ட் சுவெட்டன்ஹாம் வந்தது. 1972-இல்தான் அது கிள்ளான் துறைமுகமாகப் பெயர் மாறியது. எல்லாரும் அழுதார்கள். மூன்று மாதப் பயணத்துக்கு ஏன் இப்படி அழுகிறார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்று லயத்துக்குத் தெரிந்திருந்தது.

கப்பல் ரஜூலா. மலாயாத் தமிழர் வீடுகளில் இந்தப் பெயரைக் கேளாத பெரியவர் இருக்கமாட்டார். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டே இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்ததாம். எங்கள் காலத்தில் அவ்வளவு கூட்டம் இல்லை. ஆனாலும் பாய்க்கும் பாய்க்கும் நடுவே கால் வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. ஏறியவுடன் மாமா ஓடிப்போய் ஒரு மூலையைப் பிடித்துப் பாயை விரித்தார். அந்தப் பாய்தான் ஒரு வாரத்துக்கு எங்கள் வீடு.

அம்மா சேலையை இரும்புக் கம்பியில் கட்டித் தம்பிக்குத் தொட்டில் போட்டார். கப்பல் ஆடும்போது தொட்டிலும் தானே ஆடும், யாரும் ஆட்ட வேண்டாம். தம்பி நிம்மதியாகத் தூங்கினான். அம்மாதான் தூங்கவில்லை. வாந்தி நிற்கவே இல்லை. எலுமிச்சங்காயை மூக்கருகே வைத்துக்கொண்டு சுருண்டு படுத்திருப்பார். டின் பாலை வெந்நீரில் கரைத்துத் தம்பிக்கு ஊட்டியது பக்கத்துப் பாயில் இருந்த ஒரு பாட்டி. அவர் யார், எந்தத் தோட்டம், ஒன்றும் தெரியாது. தெலுக் இந்தான் பக்கம் என்று சொன்னதாக நினைவு. ஒரு வாரம் எங்களுக்குத் தாயாக இருந்துவிட்டு நாகப்பட்டினத்தில் இறங்கிக் கூட்டத்தில் போய்விட்டார். தட்டை ஏந்திக்கொண்டு சோற்றுக்கு வரிசையில் நிற்பேன். கப்பல் சோற்றின் மணமும், எண்ணெய்ப் புகையும், உப்புக் காற்றும் சேர்ந்த அந்த வாடையை இன்றைக்கும் கிள்ளான் துறைமுகத்தைக் கடக்கும்போது காற்றில் தேடுவேன்.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. மாமா தினமும் தன் கைக்கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளி வைப்பார். கப்பலில் சொல்கிற நேரத்துக்கு ஏற்ப. அப்போது மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம். 1982 சனவரி முதல் நாளில் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்திய பிறகுதான் அது இரண்டரை ஆனது. ஒரு வாரத்தில் இரண்டு மணி நேரத்தை இழைத்து இழைத்துக் கழிப்பதால் நாங்கள் யாரும் தூக்கம் கெட்டுத் தவித்ததில்லை. ஊர் வந்து சேரும்போது எங்கள் உடம்பும் வந்து சேர்ந்திருந்தது.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், படகுகள் வந்து ஏற்றிப்போகும். ஏணி இறங்கி நின்றால் கீழே படகு ஓர் ஆள் உயரம் எழும், விழும். படகு எழும் சமயம் பார்த்துக் கால் வைக்க வேண்டும். அம்மா இடுப்பில் தம்பியோடு நின்றார். மேலே இருந்தவர் ஒருவர் "பிள்ளையைக் கொடும்மா" என்று வாங்கினார். அவர் கையிலிருந்து ஏணியில் நின்றவர் கைக்கு, அங்கிருந்து படகில் நின்றவர் கைக்கு, அவரிடமிருந்து உள்ளே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண்ணின் மடிக்கு. நாலு பேர் கை மாறி என் தம்பி இந்தியா போய்ச் சேர்ந்தான். அம்மா அதுவரை மூச்சு விடாமல் நின்றார். பிறகு இறங்கி வந்து அந்தப் பெண்ணிடமிருந்து தம்பியை வாங்கிக்கொண்டு, படகு கரை தொடும்வரை ஒரு சொல் பேசவில்லை.

ஊரில் மூன்று மாதம். தாத்தா தம்பியைத் தொட்டுப் பார்த்தார், மொட்டை ஆனது, நிலம் ஆகவில்லை. தம்பிக்குப் பேதி வந்து உயிர் பிழைத்தான். என்னை எல்லாரும் "மலாயாக் குட்டி" என்றார்கள். நாங்கள் நல்லபடி போய்ச் சேர்ந்தோம் என்ற நீல நிறக் கடிதம் அப்பா கைக்குப் போனபோது ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிவிட்டிருந்தது. அந்த இரண்டு வாரமும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டு அத்தை பிறகு சொன்னார்.

நாங்கள் திரும்பி வந்தோம். ஐந்தாறு ஆண்டு கழித்து அதே கப்பலில் போனவர்களில் பலர் திரும்பவில்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் தோட்டங்களில் இறுகியது. அப்படிக் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருந்தார்கள். நாற்பது ஆண்டு பால் வெட்டியவர்கூட அதில் இருந்தார். இந்தியத் தோட்டத் தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேர் அந்தச் சமயத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். எங்கள் லயத்தில் மூன்றாவது வீடு காலியானது. அந்த வீட்டுப் பெண் என் வகுப்பு. பால்காட்டில் என்னோடு கித்தாக்கொட்டை பொறுக்கியவள். இங்கே பிறந்தவள், இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அவளுக்கும் அதுதான் முதல் கடல் பயணம். தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து லாரியிலிருந்து கையாட்டினாள். கடிதம் எழுதுவேன் என்றாள். முதல் வெளிநாட்டுப் பயணம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் அவள் முகம்தான் வரும். மற்றதெல்லாம் பிறகு.

ரஜூலா 1973-இல் ஓய்ந்தது. அதற்கடுத்து எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்ததோடு கப்பல் பயணமே முடிந்தது. பிறகு சுபாங் விமான நிலையம், சென்னை டிக்கெட், தோட்டத்துக்காரர் எட்டிப்பிடிக்க முடியாத விலை. அப்பா அதற்குள் ஊரை மெல்ல மெல்லக் கைவிட்டுவிட்டார். தாத்தா போனார், நிலத்தைச் சித்தப்பா வைத்துக்கொண்டார், கடிதம் தீபாவளிக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றது. 2008 டிசம்பரில் ஏர் ஏசியா திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியபோது அப்பா உயிரோடு இல்லை. அந்நிறுவனம் இந்தியாவில் முதலில் இறங்கிய ஊர் சென்னையோ மும்பையோ டில்லியோ அல்ல, திருச்சி. அந்த முடிவு யார் எடுத்ததோ, தோட்டத்துப் பிள்ளைகளின் வேர் எந்தப் பக்கம் என்று தெரிந்து எடுத்தது போல எனக்குத் தோன்றும்.

விமானம் வந்தது மட்டும் போதாது. நாளைக் கணக்கிட்டுக் கூலி வாங்குகிறவர் எந்த விமானத்திலும் நிம்மதியாக ஏற முடியாது. என் மகள் கிள்ளானில் ஆசிரியை, மாப்பிள்ளை ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். இந்நாட்டு வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு எட்டு நாள், ஐந்து ஆண்டுவரை பன்னிரண்டு, அதற்கு மேல் பதினாறு நாள் சம்பளத்தோடு விடுப்பு. மாப்பிள்ளை அதில் ஆறு நாளை எடுத்தார். ஆறு நாள் வேலைக்குப் போகவில்லை, சம்பளம் குறையவில்லை, திரும்பி வந்தால் அவர் இடம் அவருக்கு. இது சின்ன விஷயமாக இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியலாம். நிரை போய்விடுமே என்று மனைவியையும் பிள்ளைகளையும் மட்டும் கப்பலேற்றிவிட்டுத் துறைமுகத்தில் நின்ற ஒருவரின் மகள் நான். எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சாமிகளும் இங்கே வந்துவிட்டார்கள். பாப்பாவுக்குப் பத்துமலையில் மொட்டை போட்டாயிற்று, காது கிள்ளானில் குத்தியாயிற்று. அங்கே கொண்டுபோய்ச் செலுத்த வேண்டிய கடன் ஒன்றும் மிச்சமில்லை. காட்டுவதற்குத் தாத்தாவும் இல்லை, பேசி முடிக்க நிலமும் இல்லை. விசா படிவத்தில் அப்பா பிறந்த இடம் எது என்று கேட்டிருந்தது. மகள் தட்டச்சு செய்துகொண்டே "அம்மா, உங்க அப்பா பொறந்த இடம் என்ன போடறது?" என்றாள். நாகப்பட்டினம் என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அப்பாவின் ஊர் இத்தனை ஆண்டுக்குப் பிறகு ஒரு பயனுக்கு வந்த இடம் அந்தக் கட்டம்தான்.

திருச்சிப் பயணத் திட்டம் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தது. அதில் பாப்பாவின் தூக்க நேரம் மஞ்சள் கோட்டில், பால் நேரம் நீலக் கோட்டில். ஊர் பார்ப்பதெல்லாம் இடையில் கிடைத்த வெள்ளை இடத்தில். மதியத் தூக்கத்தைக் கெடுக்கிற கோயில் எதுவும் வேண்டாம் என்று இரண்டு கோயிலை மகள் அடித்துவிட்டாள். மலைக்கோட்டை படி அவ்வளவும் தூக்கிக்கொண்டு ஏற முடியாது என்று அதையும் அடித்தாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவ்வளவு தூரம் போய் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்காமலா? சொல்லவும் சொன்னேன். "அம்மா, பாப்பாவுக்குத்தானே போறோம்" என்றாள். அந்த வரி என்னை நிறுத்தியது. அறுபத்தொரு ஆண்டுக்கு முன் அம்மாவிடம் யாராவது எதற்குப் போகிறாய் என்று கேட்டிருந்தால் பிள்ளைக்குத்தான் என்று அவரும் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பிள்ளை எப்போது தூங்கும், எப்போது பசிக்கும் என்று கப்பலோ கோயிலோ தாத்தாவோ கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பிள்ளைதான் வளைந்துகொடுத்தது. இப்போது பிள்ளைக்கு எல்லாம் வளைகிறது. பழையதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் எங்கள் தலைமுறையில் நிறைய. நான் அவர்களோடு சேர மாட்டேன். தம்பி அந்தப் பேதியில் போயிருந்தால் என்ன பெருமை?

புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து ஈஜோக் வழியாக லாத்தார் நெடுஞ்சாலை. வழியெல்லாம் கித்தா நின்ற இடத்தில் செம்பனை, செம்பனை நின்ற சில இடத்தில் தொடர்மாடி வீடுகள். வழியனுப்ப யாரும் வரவில்லை, யாரும் அழவில்லை. ஏழு கிலோவுக்குள் அடங்கிய கைப்பையில் பால்மாவு, சுடுநீர் ஃபிளாஸ்க், மாற்றுத் துணி, பாப்பாவின் துணி முயல். மகளுக்குத் தெரியாமல் நான் ஒரு சின்னக் குப்பி கோடாலித் தைலம் எடுத்துவைத்திருந்தேன். யாருக்கும் கொடுக்க அல்ல, பழக்கம். செப்பாங் விமான நிலையத்தில் தள்ளுவண்டியை விமானத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனோம். இருக்கை பட்டையை மாட்டியபோது பாப்பா முதல்முதலாகத் தன் இருக்கையின் இரண்டு பக்கத்தையும் தொட்டுப் பார்த்து "இது என்னோடதா?" என்று கேட்டாள். அவளுக்கு இரண்டு வயது முடிவதற்கு முன் போயிருந்தால் மடியில்தான். இரண்டு முடிந்தால் தனி இடம்.

விமானம் இறங்கத் தொடங்கியதும் காதைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இறங்கும்போது பிள்ளைகள் எதையாவது உறிஞ்சினால், விழுங்கினால் காதுக்குள் அழுத்தம் சமனாகும். மகள் பால்புட்டியைத் தயாராகத்தான் வைத்திருந்தாள், பாப்பா வாய் திறக்கவில்லை. முன் இருக்கையிலிருந்து ஒரு பெரியம்மா திரும்பி, பையிலிருந்து ஒரு பனங்கற்கண்டுத் துண்டை எடுத்து நீட்டினார். பாப்பா அதை வாங்கிச் சப்பினாள், அழுகை அடங்கியது. "எந்தப் பக்கம்மா நீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். தைப்பிங்காம், தங்கை வீட்டுக்குப் போகிறாராம். ஒரு கணம் எனக்குக் கப்பல் பாட்டியின் ஞாபகம் வந்து கண் நிறைந்தது. மகள் பார்த்துவிட்டாள், காது வலியா என்று என்னையும் கேட்டாள்.

ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் திருச்சி. 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புது முனையம், ஸ்ரீரங்கத்துக் கோபுர வண்ணங்களோடு. கூட்டமாக வந்து காத்திருக்க எங்களுக்கு உறவுக்காரர் இல்லை. ஓட்டல் கார் வந்திருந்தது. மூன்று தலைமுறையில் எங்கள் குடும்பம் தமிழ்நாட்டில் காசு கொடுத்துத் தங்கியது அதுவே முதல்தடவை. வெறுங்கையோடு இறங்கினேன் என்ற கூச்சம் எனக்கு இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் விடியுமுன் பாப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நாலரை மணி. "காலையில ஆச்சு" என்றாள். அவள் உடம்புக்கு ஏழு மணி. விமானம் இரண்டரை மணி நேரத்தை ஒரே தாவலில் தாண்டிவிட்டது. அவள் உடம்பு இன்னும் கோல சிலாங்கூரில்தான் இருந்தது. எவ்வளவு தட்டியும் தூங்கவில்லை. மாப்பிள்ளை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார், நாங்களும் பின்னால் போனோம். தெருவில் ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது. பால்காரர்கள் கேன்களோடு நின்றிருந்தார்கள். கடைக்காரர் டீயைத் தூக்கி ஆற்றுவதைப் பாப்பா வாய் திறந்து பார்த்தாள். "தே தாரேக்!" என்று கத்தினாள். நம் ஊர் மாமாக் கடையில் பார்த்த அதே வித்தை. அவர் சிரித்து இன்னும் உயரத் தூக்கி இன்னொரு முறை ஆற்றிக் காட்டினார். பாப்பாவுக்கு ஒரு சின்னக் கிளாசில் பால். அக்னி நட்சத்திரம் முடிந்த வாரம். பகலில் தலை காட்ட முடியாது. அந்த இருட்டு நேரத்துக் குளிர்ச்சிதான் எங்களுக்குக் கிடைத்த நல்ல திருச்சி. அடுத்த நாளும் நாலரை, அதற்கடுத்த நாளும். நாங்கள் அந்தக் கடைக்கு வாடிக்கைக்காரர் ஆனோம். ஆறு நாளில் எங்கே போனாய் என்று யார் கேட்டாலும் பாப்பா ஸ்ரீரங்கத்தைச் சொல்லவில்லை, கல்லணையைச் சொல்லவில்லை. "தே தாரேக் அங்கிள் வீட்டுக்கு" என்கிறாள்.

நாகப்பட்டினம் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளைதான் வெள்ளை இடத்தில் எழுதி வைத்திருந்தார். தஞ்சாவூர், திருவாரூர் வழியாகக் கார். பாப்பா பாதி வழி தூங்கினாள். கிராமத்துக்குப் போகவில்லை; அங்கே யாரைக் கேட்பது? கடற்கரைக்கு மட்டும் போனோம். 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர் இறந்தார்கள் என்பது மணலில் கால் வைத்ததும் நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். துறைமுகத்திலிருந்து 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட ஆரம்பித்தார்கள், சில நாளில் நின்று அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. பினாங்குக்கு இல்லை. கடலைப் பார்த்து, எந்த இடத்தில் ரஜூலா நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரு விசைப்படகு தெரிந்த தூரத்துக்கு அப்பால் என்று முடிவு செய்துகொண்டேன்.

தம்பிக்கு வீடியோவில் அழைத்தேன். புக்கிட் பெலிம்பிங்கில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். தலையில் ஒரு முடி இல்லை. இங்கே போட்ட மொட்டை அப்படியே நிலைத்துவிட்டது என்பான். போனைக் கடல் பக்கம் திருப்பினேன். "இங்கதான்டா ஒன்ன கையி மாத்தி எறக்கினாங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தான். "எத்தன பேரு கை?" என்று கேட்டான். நாலு என்றேன். எப்போதும் கேட்கிற கேள்விதான், எப்போதும் சொல்கிற பதில்தான். ஆனாலும் அன்றைக்கு விரல் விட்டு எண்ணினான்.

பாப்பா அதற்குள் ஈர மணலில் ஒரு நண்டு வளையைக் கண்டுபிடித்து, குச்சியால் குடைந்துகொண்டிருந்தாள். கப்பலைப் பற்றி அவளிடம் சொல்லலாம் என்று பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "பாட்டி, நண்டு தூங்குது, சத்தம் போடாதீங்க" என்றாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அலை ஒருதரம் வந்து வளையை மூடிவிட்டுப் போனது. மகள் கைப்பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்துத் திறந்தாள். அங்கே மணி ஐந்தரை, எங்கள் பாப்பாவுக்கு எட்டு. பால் நேரம்.